உங்களுக்குத் தெரியுமா? உடம்புக்குள் ஒரு தனிமக் கணக்கு

யானையோ எறும்போ, எந்த உயிரின் உடம்பைப் பிரித்துப் பார்த்தாலும் கிடைப்பவை ஏறக்குறைய அதே இருபத்துச் சொச்சம் தனிமங்கள்தான். எது எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். அந்த அளவை நிர்ணயிப்பது எது? சாப்பாடா, எலும்பா, வளரும் வேகமா, குளிரா, பயமா? கேள்வி சின்னதுதான். ஆனால் பதில் தேடிப் போனால் பறவையைத் தின்னும் மான்களும், குகைக்குள் நுழையும் யானைகளும், பெண்ணுக்கு உப்பு கொண்டுபோகும் பூச்சிகளும் எதிரே வருகின்றன.

1. ஓர் ஆணிக்கான இரும்பு

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் சுமார் 45 கிலோ ஆக்சிஜன்தான். அதில் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருப்பது. கார்பன் 12 கிலோவுக்கு மேல், ஹைட்ரஜன் 7 கிலோ, நைட்ரஜன் 2 கிலோ. கால்சியம் ஒரு கிலோ, பாஸ்பரஸ் 700 கிராம். இரும்பு வெறும் 4 கிராம், ஒரு சின்ன ஆணிக்குத்தான் காணும். அயோடின் 20 மில்லிகிராமைத் தாண்டாது. ஆனால் அந்தத் துளியும் குறைந்தால் கழுத்தில் வீக்கம் வந்துவிடும்!

2. கடலுக்கு ஒரு விகிதம்

அமெரிக்கக் கடலியல் அறிஞர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1930களில் ஒரு வியப்பைக் கவனித்தார். எந்தக் கடலில் மிதவை உயிரிகளை அள்ளினாலும் அவற்றில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருந்தன. பின்னாளில் திருத்தப்பட்டு நிலைத்த கணக்கு 106 : 16 : 1. அதாவது ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன், 106 கார்பன். ஆழ்கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதே 16க்கு 1! உயிர்கள் செத்து மூழ்கி மக்கி, கடலின் வேதியியலையே தங்கள் அளவுக்குக் கொண்டுவந்திருக்கின்றன என்றார் அவர்.

3. இலைக்கும் புழுவுக்கும் ஒத்துவராது

நிலத்தில் கதை வேறு. தாவரங்களில் சராசரியாக ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு ஆயிரத்துக்குச் சற்றே குறைவான கார்பன் அணுக்கள். அந்த இலையைத் தின்னும் பூச்சியின் உடம்பிலோ நூற்றுச் சொச்சம்தான். நைட்ரஜன் கணக்கிலும் அப்படியே: இலையில் 36 கார்பனுக்கு ஒரு நைட்ரஜன், பூச்சியில் 6 அல்லது 7 கார்பனுக்கே ஒன்று.

இட்லிக்கு நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து. மூட்டை மூட்டையாக அரிசி இருந்தாலும் உளுந்து கால் படிதான் என்றால் மாவு ஒரு படி அரிசிக்குத்தான். புழுவின் பாடும் அதுதான். கார்பன் கொட்டிக் கிடக்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடைத்த அளவுக்குத்தான் உடம்பு வளரும். செடி கிடைத்ததை வைத்துத் தன் விகிதத்தை ஓரளவு மாற்றிக்கொள்ளும். விலங்கு அவ்வளவு சுலபத்தில் மாற்றிக்கொள்ளாது. சாப்பாட்டின் விகிதத்துக்கும் உடம்பின் விகிதத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை எப்படியாவது அடைத்தாக வேண்டும். கீழே வரும் பல விந்தைகளுக்குக் காரணம் இதுதான்.

4. அசுவினி ஏன் இனிப்பைக் கழிக்கிறது?

அவரைக்கொடியில் அசுவினி விழுந்தால் இலையெல்லாம் பிசுபிசுப்பாகிப் பின்னர் கரும்பூசணம் படர்வதை விவசாயிகள் அறிவார்கள். அந்தப் பிசுபிசுப்பு அசுவினியின் கழிவு. அது உறிஞ்சும் செடிச்சாற்றில் சர்க்கரை அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. தேவையான நைட்ரஜனைச் சேர்க்க லிட்டர் கணக்கில் குடிப்பதுபோலக் குடித்து, வேண்டாத சர்க்கரையைப் பின்பக்கம் தள்ளிவிடுகிறது. அதை நக்கத்தான் எறும்புகள் வரிசை கட்டுகின்றன.

அதிலும் ஒரு சிக்கல். சாற்றில் இருக்கும் கொஞ்ச நைட்ரஜனும் தேவையான அமினோ அமிலங்களாக இல்லை. அதைச் சமைத்துக் கொடுக்க அசுவினியின் உடம்புக்குள்ளேயே புக்னேரா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. தாய் அதைத் தன் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிடுகிறது.

5. காற்றைத் தின்னும் கரையான்

மரக்கட்டையில் நூற்றுக்கணக்கான கார்பன் அணுக்களுக்கு ஒரு நைட்ரஜன் கிடைத்தாலே அதிகம். அதைத் தின்று கரையான் எப்படிப் புற்று நிறையப் பெருகுகிறது? அதன் குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனையே பிடித்துக் கொடுக்கின்றன. உளுந்து, துவரைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் நடக்கும் அதே வேலை, இங்கே ஒரு பூச்சியின் வயிற்றில்! 1970களில்தான் இது தெரியவந்தது.

6. வேகமாக வளர்ந்தால் பாஸ்பரஸ் அதிகம்

ஏரி, குளங்களில் துள்ளித் துள்ளி நீந்தும் டாஃப்னியா என்ற தண்ணீர்த் தெள்ளுப்பூச்சியின் உலர்ந்த எடையில் சுமார் 1.5 சதவீதம் பாஸ்பரஸ். அதே தண்ணீரில் வாழும் கோப்பிபாட் என்ற இன்னொரு நுண்ணிய ஓட்டுயிரியில் அதில் பாதிகூட இல்லை. அளவும் கிட்டத்தட்ட ஒன்று, தின்பதும் அதே பாசி. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

டாஃப்னியா அவசரக்காரி. சூடான தண்ணீரில் ஒரு வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். கோப்பிபாட் பல படிகள் தாண்டி நிதானமாக வளரும். வேகமாக வளர வேண்டுமானால் புரதத்தை வேகமாகச் செய்ய வேண்டும். அதற்கு ஒவ்வொரு செல்லிலும் ரைபோசோம்கள் ஏராளமாக வேண்டும். ரைபோசோமில் பாதியளவு ஆர்.என்.ஏ. அந்த ஆர்.என்.ஏ.வின் எடையில் 9 சதவீதம் பாஸ்பரஸ். ஆக, வேகத்துக்குக் கொடுக்கும் விலைதான் பாஸ்பரஸ். அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் எல்சரும் அவரது சகாக்களும் 1990களில் முன்வைத்த விளக்கம் இது. எல்சரும் ராபர்ட் ஸ்டெர்னரும் 2002இல் எழுதிய நூல்தான் இன்றைக்கும் இந்தத் துறைக்கு அடிப்படைப் பாடம்.

7. பச்சைக் குளத்தில் பட்டினி

வெயில் அதிகம் அடித்தால் குளத்தில் பாசி செழிக்கும். பாசி செழித்தால் அதைத் தின்னும் டாஃப்னியாவும் பெருகும். இப்படித்தானே நினைப்போம்? பாஸ்பரஸ் குறைந்த தண்ணீரில் நடப்பது நேர்மாறு. வெளிச்சம் கூடக்கூடப் பாசி கார்பனை மட்டும் சேர்த்துக்கொண்டே போகிறது. ஒரு பாஸ்பரஸுக்கு 300 கார்பன் என்ற அளவைத் தாண்டினால் டாஃப்னியாவின் வளர்ச்சி தடுமாறத் தொடங்கும். சுற்றிலும் சாப்பாடு, வயிறும் நிறைந்திருக்கிறது, உடம்பு மட்டும் தேறாது.

8. கவசம் போட்ட கெளுத்தி

பாஸ்பரஸ் தேங்கும் இன்னொரு இடம் எலும்பு. எலும்பின் கனிமப் பொருளில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் பாஸ்பரஸ்தான். முதுகெலும்புள்ள விலங்குகளின் உடம்பில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி எலும்பில் இருப்பது. மனிதரில் 85 சதவீதம்.

வெனிசுவேலாவின் ஓர் ஓடையில் மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் எலும்புத் தகடு போர்த்திய கவசக் கெளுத்தியில் பாஸ்பரஸ் மிக அதிகம். எலும்பு இன்னும் முற்றாத தலைப்பிரட்டையில் குறைவு. கவனிக்க வேண்டியது அவற்றின் கழிவை. கெளுத்தி கிடைத்த பாஸ்பரஸையெல்லாம் கவசத்துக்கு எடுத்துக்கொள்வதால் தண்ணீருக்குத் திரும்பிப் போவது சொற்பம். தலைப்பிரட்டை தாராளம். ஓடையில் எந்தப் பிராணி அதிகம் என்பதைப் பொறுத்துப் பாசிக்குக் கிடைக்கும் உரமே மாறிவிடும்!

9. மூஞ்சூறும் யானையும்

மூஞ்சூறின் எடையில் எலும்பு சுமார் 5 சதவீதம்தான். யானைக்கு அதைப் போலப் பல மடங்கு. உடம்பு பெருக்கப் பெருக்கச் சுமையைத் தாங்க எலும்பு அதைவிட வேகமாகப் பெருத்தாக வேண்டும். எனவே உருவம் பெரிதானாலே கால்சியம், பாஸ்பரஸின் பங்கும் கூடிவிடும்.

10. குளிர்ந்தால் கூடும்

குளிர் ரத்தப் பிராணிகளும் செடிகளும் நுண்ணுயிர்களும் குளிரான இடத்தில் வளர்ந்தால், சூடான இடத்தில் வளர்ந்தவற்றைவிட 30 முதல் 50 சதவீதம் வரை கூடுதலாக நைட்ரஜனும் பாஸ்பரஸும் வைத்திருக்கின்றன. 2003இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின் கணக்கு இது. குளிரில் நொதிகளும் ரைபோசோம்களும் மந்தமாக வேலை செய்யும். வேலை குறையாமல் நடக்க ஆள் பலத்தைக் கூட்டுவதுதான் வழி.

11. பயந்த வெட்டுக்கிளியின் பிணம்

இந்தப் பட்டியலிலேயே விநோதமான சோதனை இதுதான். டிரோர் ஹவ்லேனா, ஆஸ்வால்ட் ஷ்மிட்ஸ் ஆகியோர் அமெரிக்காவில் புல்வெளியில் கூண்டுகள் வைத்து வெட்டுக்கிளிகளை வளர்த்தார்கள். சில கூண்டுகளில் சிலந்தியையும் விட்டார்கள். ஆனால் அதன் வாயைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். துரத்தும், பயமுறுத்தும், கடிக்க முடியாது.

பயத்தில் வாழும் வெட்டுக்கிளிக்கு உடம்பின் எரிபொருள் செலவு கூடுகிறது. அது சர்க்கரைச் சத்துள்ள இலைகளைத் தேடித் தின்கிறது. உடம்பிலுள்ள புரதத்தையும் உடைத்து எரிக்கிறது. நைட்ரஜன் கழிவாக வெளியேறிவிடுகிறது. செத்த பிறகு எடுத்துப் பார்த்தால் பயமில்லாமல் வாழ்ந்தவற்றைவிடக் கார்பனுக்கு நைட்ரஜன் குறைவு. வித்தியாசம் ஏறத்தாழ 4 சதவீதம்தான்.

அத்தோடு விடவில்லை. இரண்டு வகைப் பிணங்களையும் தனித்தனி மண்ணில் போட்டு மக்கவிட்டு, பிறகு அதே மண்ணில் காய்ந்த புல்லைப் போட்டார்கள். பயத்தில் வாழ்ந்தவை மக்கிய மண்ணில் புல் மக்குவது கணிசமாகத் தாமதமானது. மண்ணின் நுண்ணுயிர்களுக்கு அந்தக் கொஞ்ச நைட்ரஜன் குறைவே பெரிய இழப்பு. ஒரு சிலந்தி யாரையும் கொல்லாமலேயே மண்ணின் போக்கை மாற்றிவிட்டது!

12. வேட்டைக்காரருக்கு நைட்ரஜன் கூடுதல்

பூச்சிகளிலேயே மற்ற பூச்சிகளைத் தின்பவற்றின் உடம்பில், இலை தின்பவற்றைவிடச் சராசரியாக 15 சதவீதம் நைட்ரஜன் அதிகம். பரிணாம உறவு, உடம்பின் அளவு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துப் பார்த்தும் இந்த வித்தியாசம் போகவில்லை.

13. நின்றால் தின்றுவிடுவார்கள்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மோர்மன் கிரிக்கெட் என்ற சிறகு பயன்படாத பூச்சிகள் லட்சக்கணக்கில் திரண்டு தரையில் நடந்தே கிலோமீட்டர் கணக்கில் செல்லும். 2006இல் ஆய்வாளர்கள் அவற்றின் வழியில் புரதம், மாவுச்சத்து, உப்பு எனத் தனித்தனித் தட்டுகள் வைத்தார்கள். பூச்சிகள் மாவுச்சத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புரதத்திலும் உப்பிலும் போய் விழுந்தன.

அவை தேடும் புரதமும் உப்பும் சரியான அளவில் எங்கே கிடைக்கும்? பக்கத்தில் நடக்கும் இன்னொரு மோர்மன் கிரிக்கெட்டில்தான்! நடக்க முடியாமல் நின்றதைப் பின்னால் வருபவை தின்றுவிடும். கூட்டம் நிற்காமல் நகர்வதன் ரகசியம் இதுதான். முன்னால் இருப்பது சாப்பாடு, பின்னால் இருப்பது பசி.

14. கடலிலிருந்து தள்ளிப்போனால் உப்பு ருசிக்கும்

பெரும்பாலான செடிகளுக்குச் சோடியம் தேவையில்லை. விலங்குகளுக்கோ நரம்பும் தசையும் இயங்கவே அது வேண்டும். கடற்கரை ஓரத்தில் காற்றும் மழையும் உப்பைக் கொண்டுவந்து போடும். உள்நாட்டில்?

மைக்கேல் கஸ்பாரியும் அவரது குழுவினரும் அமெரிக்கக் கண்டங்களில் பல காடுகளில் எறும்புகளுக்கு உப்புநீரையும் சர்க்கரைநீரையும் வைத்துப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த எறும்புகள், பத்து மடங்கு அடர்த்தியான சர்க்கரைநீரை விட்டுவிட்டு உப்புநீருக்கு ஓடின! பிற பூச்சிகளை வேட்டையாடும் எறும்புகளுக்கு அவ்வளவு உப்புப் பசி இல்லை. இரையின் உடம்பிலேயே உப்பு இருக்கிறதே.

15. ஈர மண்ணில் வண்ணத்துப்பூச்சிகள்

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைக்கரைகளில் வெள்ளையன்களும் நீலன்களும் அழகிகளும் கூட்டம் கூட்டமாக ஈர மண்ணில் உட்கார்ந்து உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டு மூத்திரம் பட்ட மண் என்றால் இன்னும் கூட்டம். அவை தாகத்துக்குக் குடிக்கவில்லை. பெரும்பாலும் தேடுவது சோடியம். அந்தக் கூட்டத்தில் அநேகமாக எல்லாம் ஆண்கள்!

ஏன் ஆண்கள்? வட அமெரிக்காவின் குளுஃபிசியா என்ற விட்டில் பூச்சியை ஆராய்ந்த ஸ்காட் ஸ்மெட்லியும் தாமஸ் ஐஸ்னரும் 1990களில் விடை கண்டார்கள். ஆண், குட்டைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பின்பக்கமாகப் பீய்ச்சிவிடுகிறது. இணையும்போது அந்தச் சோடியம் பெண்ணுக்குப் போகிறது. பெண் அதை முட்டைக்கு மாற்றிவிடுகிறது. ஆகப் புழுவின் உடம்பில் இருக்கும் உப்பு அப்பன் குட்டையில் சேர்த்தது.

16. குகைக்குள் யானை

கென்யாவின் எல்கான் மலையில் கிட்டம் என்றொரு குகை. இரவில் யானைகள் இருட்டில் தும்பிக்கையால் தடவித் தடவி உள்ளே போகும். தந்தத்தால் சுவரைக் குத்திப் பெயர்த்து, அந்தக் கல்லை மென்று தின்னும். பாறையில் சோடியம் உப்பு இருப்பதுதான் காரணம். குகைச் சுவர் முழுக்கத் தந்தத் தழும்புகள்.

17. நீருக்குள் மூழ்கும் மான்

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவில் மூஸ் என்ற பெரிய மான்கள் கோடையில் தண்ணீரில் இறங்கித் தலையை முக்கி நீர்ச்செடிகளைத் தின்னும். தரையில் தழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நீர்ச்செடியில் சோடியம் பல மடங்கு. குளிர்காலம் முழுக்கத் தாங்குவதற்கான உப்பை அந்தச் சில வாரங்களில் சேர்த்துக்கொள்கின்றன.

18. மாடு எலும்பு மென்றால்

தென்னாப்பிரிக்காவில் ஒரு காலத்தில் மேயும் மாடுகள் கொத்துக் கொத்தாக முடங்கிச் சாகும். அந்த ஊர்க்காரர்கள் அதை ‘லாம்சிக்தே’ என்றார்கள். கால்நடை அறிவியலாளர் ஆர்னால்ட் தெய்லர் 1920களில் முடிச்சை அவிழ்த்தார். அந்த மண்ணில் பாஸ்பரஸ் குறைவு, புல்லிலும் குறைவு. மாடுகள் பாஸ்பரஸுக்காகச் செத்த பிராணிகளின் எலும்பைப் பொறுக்கி மென்றன. அழுகிய எலும்பில் இருந்த பாட்டுலிசக் கிருமியின் நச்சுதான் அவற்றைக் கொன்றது. தீவனத்தில் எலும்புத்தூள் கலந்ததும் எலும்பு மெல்லும் பழக்கம் அடங்கியது, சாவும் நின்றது.

நம் ஊர் மாடு துணி, எலும்பு, செருப்பு என்று மென்றாலும் கால்நடை மருத்துவர் முதலில் சந்தேகிப்பது தாது உப்புக் குறைபாட்டைத்தான்.

19. குஞ்சைத் தின்னும் மான்

ஸ்காட்லாந்தை ஒட்டிய ரம் தீவில் புல்மேயும் செம்மான்கள் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் குஞ்சுகளைப் பிடித்துத் தலையையும் காலையும் கடித்துத் தின்பதை ஆய்வாளர்கள் 1980களில் பதிவு செய்தார்கள். இறைச்சிக்காக அல்ல, எலும்புக்காக. ஆண் மான் ஆண்டுதோறும் புதிதாகக் கொம்பு வளர்க்கிறது. கொம்பும் எலும்புதான். தீவின் புல்லில் அதற்கான கால்சியமும் பாஸ்பரஸும் போதவில்லை.

20. நத்தை போனது, முட்டை உடைந்தது

நெதர்லாந்துக் காடுகளில் 1980களில் பட்டாணிக்குருவிகளின் முட்டை ஓடு மெலிந்து உடையத் தொடங்கியது. பூச்சிமருந்து காரணமில்லை. அமில மழை மண்ணிலிருந்த சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. சுண்ணாம்பு இல்லாமல் நத்தைகள் குறைந்தன. முட்டையிடும் காலத்தில் குருவி கால்சியத்துக்காகத் தேடித் தின்பது நத்தை ஓட்டைத்தான். ஆய்வாளர்கள் நத்தை ஓட்டையும் கோழிமுட்டை ஓட்டையும் கொண்டுபோய் வைத்ததும் குருவிகளின் முட்டைகள் தேறின.

21. கழுதைப்புலி இல்லாத ஊரில் கழுகுக் குஞ்சு

தென்னாப்பிரிக்காவில் பண்ணைகள் பெருகிக் கழுதைப்புலிகள் அழிந்த பகுதிகளில், பிணந்தின்னிக் கழுகின் குஞ்சுகள் எலும்பு வளைந்தும் ஒடிந்தும் கிடப்பதை 1970களில் கண்டார்கள். இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு. கழுதைப்புலி எலும்பை நொறுக்கிப் போட்டால்தான் கழுகு அந்தச் சில்லுகளைப் பொறுக்கிக் குஞ்சுக்கு ஊட்ட முடியும். சில்லு கிடைக்காத தாய்க் கழுகுகள் கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக், பாட்டில் மூடி என்று கூட்டுக்குக் கொண்டுவந்தன. பிறகு கழுகுகளுக்காகப் பிணங்களைப் போடும் இடங்களில் எலும்பை உடைத்துப் போட்ட பின்னரே நிலைமை தேறியது.

22. நீல ரத்தம், வெள்ளை ரத்தம்

மீன் சந்தையில் வாங்கும் நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு. காற்றுப் பட்டால் நீலமாகும். அன்டார்க்டிக் பனிமீனுக்கு அதுவும் இல்லை. ஹீமோகுளோபினே இல்லாத வெளிறிய ரத்தம். உறையும் குளிர்நீரில் ஆக்சிஜன் அதிகம் கரைந்திருப்பதால் பிழைத்துக்கொள்கிறது.

கடல் பீச்சிகளின் கதை இன்னும் விசித்திரம். 1911இல் மார்ட்டின் ஹென்சே அவற்றின் ரத்தத்தில் வனேடியம் என்ற உலோகத்தைக் கண்டார். சில இனங்களில் அது கடல்நீரில் இருப்பதைப் போல ஒரு கோடி மடங்கு! எதற்காகச் சேர்க்கின்றன என்பதற்கு இன்றுவரை முழு விளக்கம் கிடைக்கவில்லை.

23. உலோகப் பற்கள்

பாறையைச் சுரண்டித் தின்னும் கைட்டான் என்ற கடல் மெல்லுடலியின் பல்லில் காந்தக்கல் இருக்கிறது. 1962இல் ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் கண்டுபிடித்தார். இலைவெட்டி எறும்பின் தாடை விளிம்பிலும் தேளின் கொடுக்கிலும் துத்தநாகம். கூர் மழுங்காமல் இருக்கத்தான்.

24. இரும்புச் செதில் நத்தை

இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில் கொதிநீர் பீய்ச்சும் கைரேய் என்ற இடத்தில் 2001இல் ஒரு நத்தை கிடைத்தது. பாதம் முழுக்கக் கறுத்த செதில்கள், அவற்றின் மேல் இரும்பு சல்ஃபைடுப் பூச்சு. பின்னர் அதே கடலில் சாலிட்டேர் என்ற இன்னோர் ஊற்றிலும் இதே இனம் கிடைத்தது. அங்கே செதில் வெளிறிப்போய் இருந்தது; இரும்புப் பூச்சு இல்லை. ஊற்றுநீரில் இரும்பு குறைவு. ஒரே இனம், இரண்டு உடம்பு! ஆழ்கடல் சுரங்கத்தால் வரும் ஆபத்தைக் கருதி, 2019இல் இது அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

25. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் விலங்குகள்

உடம்பில் சேர்ந்தது அங்கேயே நிற்பதில்லை. சில கணக்குகள்:

• கென்யாவின் மாரா ஆற்றில் நீர்யானைகள் இரவில் மேய்ந்த புல்லைப் பகலில் ஆற்றில் கழித்து, தினமும் சுமார் 400 கிலோ சிலிக்கானைச் சேர்க்கின்றன. ஆற்றின் டயாட்டம் பாசிகள் அதில் ஓடு கட்டுகின்றன.

• அதே ஆற்றைக் கடக்கையில் ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்கள் மூழ்கிச் சாகின்றன. சதை சில வாரங்களில் கரைந்துவிடும். எலும்பு ஏழு ஆண்டுகள் வரை பாஸ்பரஸை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருக்கும்.

• அன்டார்க்டிக் திமிங்கிலங்களின் கழிவில் இரும்பு, சுற்றியுள்ள கடல்நீரைவிட ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு அதிகம்.

• சால்மன் தன் எடையில் பெரும்பகுதியைக் கடலில் சேர்த்துக்கொண்டு முட்டையிட ஆற்றுக்கு வருகிறது. கரடி அதைக் காட்டுக்குள் இழுத்துப் போய்த் தின்று மிச்சத்தைப் போடுகிறது. அலாஸ்காவின் ஆற்றோர மரங்களில் கடல் நைட்ரஜன் இருப்பதை அதன் ஐசோடோப்பை வைத்தே காட்டிவிட்டார்கள்.

• அமெரிக்காவில் 13 அல்லது 17 ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்து ஒரே சமயத்தில் வெளிவரும் சில்வண்டுகள் செத்து விழுந்ததும் காட்டு மண்ணில் நைட்ரஜன் எகிறுகிறது. அங்குள்ள செடிகளின் விதைகூடப் பெரிதாகிறது.

26. சத்தற்ற புல்லில் பெருகும் வெட்டுக்கிளி

புல் செழித்தால்தான் வெட்டுக்கிளி பெருகும் என்பது பொதுவான எண்ணம். சீனாவின் உள் மங்கோலியாவில் நடந்த ஆய்வு 2012இல் அதைப் புரட்டிப்போட்டது. ஆடுகள் அளவுக்கு மீறி மேய்ந்து நைட்ரஜன் வற்றிய புல்வெளியில்தான் அங்குள்ள வெட்டுக்கிளி இனம் நன்றாக வளர்ந்தது. நைட்ரஜன் உரம் போட்ட புல்லில் அது தடுமாறியது. சத்து கூடினாலும் சில உடம்புக்கு ஒத்துவராது.

27. நம் தட்டிலும் அதே கணக்கு

காற்றில் கரியமில வாயு கூடக்கூடச் செடிகள் கார்பனை அதிகம் சேர்க்கின்றன. மற்ற சத்துகள் அதற்கு ஈடாகக் கூடுவதில்லை. அமெரிக்க அருங்காட்சியகத்தில் 1842 முதல் சேர்த்து வைத்திருந்த கோல்டன்ராட் பூக்களை எடுத்து அளந்தபோது, தேனீக்கள் நம்பியிருக்கும் அந்த மகரந்தத்தில் புரதம் 2014க்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கன்சாஸின் கோன்சா புல்வெளியில் புல் பெருத்தது, புல்லின் சத்து நீர்த்தது, இருபது ஆண்டுகளில் வெட்டுக்கிளிகள் 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. அங்கே யாரும் மருந்து அடிக்கவில்லை, காட்டை வெட்டவுமில்லை.

பூச்சிக்கு வந்தது நமக்கும் வரும். இந்த நூற்றாண்டின் நடுவில் எதிர்பார்க்கப்படும் அளவுக்குக் கரியமில வாயுவைக் கூட்டி வயலில் பயிரிட்டுப் பார்த்து 2014இல் வெளியிட்ட முடிவு இது: அரிசியில் புரதம் 7.8, இரும்பு 5.2, துத்தநாகம் 3.3 சதவீதம் குறைகின்றன. கோதுமையில் துத்தநாகம் 9.3 சதவீதம். ஏற்கெனவே உலகில் சுமார் 200 கோடிப் பேருக்கு இரும்பும் துத்தநாகமும் போதவில்லை. விளைச்சல் எத்தனை மூட்டை என்று கேட்பதோடு, அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்றும் இனி கேட்டாக வேண்டும்.